வடிவாம்பாளுக்குப் போட்ட இலை

சத்தியம். என் தலையில் அடித்துச் சத்தியம், எனக்கு மிச்சமிருக்கிற நாலு பல்லின் மேல் சத்தியம், இடுப்பில் செருகியிருக்கும் இந்தப் பொடி டப்பியின் மேல் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யென்றால் இனிமேல் நான் போடும் பொடிக்குத் தும்மலே வராமல் போகட்டும், இதைவிடப் பெரிய சாபம் என்னிடம் இல்லை. பூசணிக்காய்க்குள் குடித்தனம் நடத்தியவன் கதையையும், மழையை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போன ஜவுளி வியாபாரி கதையையும் நான் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன், யார் இல்லையென்றது? இது அந்த வகையில் சேராது. இதில் நானே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வடிவாம்பாள் என் கூடப்பிறந்த அக்கா. கொள்ளிடம் கடலில் கலப்பதற்குக் கொஞ்சம் முன்னால், கூப்பிட்டால் ஆற்றுக்குக் கேட்கிற தூரத்தில் அவள் வீடு. அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் மாசிலாமணி, ஊர்ச் சைவ சபைக்குத் தலைவன், கல்யாணம் வேண்டாமென்று சபைக்கே தாலி கட்டிக்கொண்டவன், முட்டை போட்ட கேக்கு வெட்டிய வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவன். அடுத்தவள் திலகவதி, உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள், அவளுடைய ஒரே மகள் உமையாள் இந்தக் கதை நடந்தபோது தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கடைசிப் பையன் குஞ்சிதபாதம். அவன் மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போனான், போன இடத்தில் பவளக்கொடி என்ற வலைக்காரர் வீட்டுப் பெண்ணைப் பார்த்தான், ஒரு வெள்ளிக்கிழமை மாலையும் கழுத்துமாக இரண்டு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். கூச்சலென்றால் கூச்சல், அக்கரையில் மேய்ந்த மாடெல்லாம் தலை தூக்கிப் பார்த்தது. கடைசியில் மாசிலாமணி ஒரு சட்டம் போட்டான்: கொல்லையில் தகரக் கொட்டகை, அங்கே பவளக்கொடிக்குத் தனி அடுப்பு, அவள் அடுப்பிலிருந்து ஒன்றும் வீட்டுக்குள் வரக்கூடாது, வீட்டு அடுப்பிலிருந்து ஒன்றும் அங்கே போகக்கூடாது. காற்று கொல்லைப் பக்கமிருந்து வீசுகிற நாட்களில் மாசிலாமணி மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, "மீன் நாத்தம், மீன் நாத்தம்" என்று கத்துவான். அவனைவிட ஒரு சுருதி மேலே அக்கா கத்துவாள்.

ஆற்றில் லாஞ்சு ஊதும்போதெல்லாம் அக்கா கரண்டியோடு ஜன்னலுக்கு வருவாள். "ஒரு தடவை அதுல ஏறி, கடலு தொறக்குற எடம் வரைக்கும் போயிட்டு வரணும்டா மாசிலா" என்பாள். "ஆகட்டும்மா, தை பொறக்கட்டும்" என்பான் அவன். தை பிறந்தது, பிறந்தது, பிறந்துகொண்டே இருந்தது; ஒரு ஆனி மாதத்தில் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து படுத்தாள், எழுந்திருக்கவில்லை.

வருஷத் திதி வந்தபோது மாசிலாமணிக்கு மனசு உறுத்திற்று. தாவீது என்பவனுடைய பழைய லாஞ்சைப் பேசினான். தகரக் கூரை, இரண்டு பக்கமும் பெஞ்சு, முகப்பில் 'தேவ கிருபை' என்று எழுதி அழிந்த எழுத்து. அதன் மேல் 'அன்னை வடிவாம்பாள் நினைவு ஆற்றுப் பயணம்' என்று ஃபிளெக்ஸ் கட்டினார்கள். படத்தில் அக்காவின் தலைக்குப் பின்னால் கம்ப்யூட்டர்க்காரன் ஒரு ஒளிவட்டமும் இரண்டு மயிலும் போட்டுக்கொடுத்திருந்தான். உமையாளுக்கு ஐந்து மாதமாகியும் மசக்கை விடவில்லை, நிற்காத வாந்தி, அவளை அப்பாவோடு வீட்டிலேயே விட்டுவிட்டோம். மாசிலாமணி, திலகவதி, குஞ்சிதபாதம், ஓரத்தில் பவளக்கொடி, தாய்மாமன் என்ற முறையில் நான், ஓட்டுவதற்குத் தாவீது. இவ்வளவு பேர்தான் ஏறினோம்.

நடு ஆற்றில் நங்கூரம் போட்டுவிட்டு, அக்காவின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை விரித்துப் படையல் போட்டோம். படையலென்றால் செத்தவருக்கு எது பிடிக்குமோ அதைத்தானே போடுவது?

"அம்மாவுக்குச் சர்க்கரைப் பொங்கல்னா உயிரு" என்று மாசிலாமணி ஒரு அகப்பை வைத்தான்.

"சேப்பங்கெழங்கு வறுவல். அது இல்லாம அம்மா கை நனைக்காது" என்று திலகவதி வைத்தாள்.

குஞ்சிதபாதம் அவல் பாயசம் என்றான். நான் என் பங்குக்கு ரவா லாடு வைத்தேன். சர்க்கரைப் பொங்கல் மாசிலாமணிக்கு உயிர், வறுவல் இல்லாமல் திலகவதி கை நனைக்கமாட்டாள், குஞ்சிதபாதம் பாயசத்துக்கு அழுத பிள்ளை, ரவா லாடு நான். அன்றைக்கு ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

ஒரு காக்கை வந்தது. லாஞ்சின் கைப்பிடிக் கம்பியில் உட்கார்ந்து, சம்பந்தி வீட்டுச் சீர்வரிசையைப் பார்க்கிற மாதிரி இலையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தது. பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டது. "கா கா" என்று மாசிலாமணி தொண்டை வற்றக் கூப்பிட்டான். அது வாலைக்கூட அசைக்கவில்லை. சரி, கடலோரத்துக் காக்கை, திமிர் இருக்கும் என்று நாங்களே சாப்பிட்டுவிட்டு, "திருப்புப்பா தாவீது" என்றோம்.

தாவீது திருப்பினான். லாஞ்சு கரையைப் பார்த்துப் போயிற்று, கரை நகர்ந்துகொண்டது.

வேறு எப்படிச் சொல்வது? பஸ்ஸில் ஒரு அம்மாள் நகர்ந்து இடம் விடுவாளே, அது மாதிரி, படித்துறை, டீக்கடை, கட்டியிருந்த இரண்டு ஆடு, குத்துக்காலிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு மனுஷன், எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கரை ஒரு கல்லெறி தூரம் பின்னால் போயிற்று. தாவீது வேகம் கூட்டினான், அதுவும் கூட்டிற்று. நின்றான், நின்றது. வடக்குக் கரைக்குத் திருப்பினால் வடக்குக் கரையும் அப்படியே. மேற்கே போனால் பாலம் தள்ளிப்போயிற்று, கிழக்கே போனால் கடல் தள்ளிப்போயிற்று. கரையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, டீ கொஞ்சம் தளும்பியதோடு சரி. குஞ்சிதபாதம் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்து நீந்தினான். கையும் காலும் ஓய்கிற வரை நீந்தினான், தலையைத் தூக்கிப் பார்த்தால் அதே கல்லெறி தூரம், அதே ஆடு. தாவீதுதான் முடியைப் பிடித்து இழுத்துப்போட்டான்.

ஊர் கூடிற்று. முதலில் அழுதார்கள், பிறகு யோசனை சொன்னார்கள், பிறகு கடலை வாங்கித் தின்றுகொண்டு பார்த்தார்கள். தீயணைப்பு வண்டி வந்து கயிறு வீசியது. கயிறு வந்து சேர்ந்தது, கட்டினோம், இழுத்தார்கள், அது இடியாப்ப மாவு மாதிரி நீண்டுகொண்டே போனது. நீண்ட கயிற்றை என்ன செய்வதென்று அவர்களுக்கும் தெரியவில்லை, கரையிலிருந்த பெண்கள் துணி உலர்த்தக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இரண்டு கரையிலும் இரண்டு மாவட்டத்து அதிகாரிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நகர்கிற கரை எந்தத் தாலுகாவில் சேருமென்று ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டார்கள். ஒரு விவசாயி துண்டை வீசி வீசிக் கத்தினான்: "ஐயா, நீங்க கிட்ட வர்றப்பல்லாம் என் வயலு பாய் மாதிரி சுருங்குது. நாத்து ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நிக்குது. அறுப்பு முடியட்டும், அதுவரைக்கும் கரைப்பக்கம் வராதீங்க, ஒங்களுக்குப் புண்ணியமா போவும்!"

ஆனி போய் ஆடி வந்தது. ஆற்றில் புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்து எங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. மினி பஸ்காரன் எங்களுக்கு எதிரே ஒரு நிறுத்தம் போட்டான், "லாஞ்சு ஸ்டாப்பெல்லாம் எறங்கு" என்று கண்டக்டர் கத்துவது தண்ணீர் மேல் தெளிவாகக் கேட்கும். டீக்கடை இரண்டாயிற்று. புதுமணத் தம்பதிகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். மாசிலாமணி விடியற்காலையில் வழக்கம்போலத் தேவாரம் பாட, அக்கரையிலும் இக்கரையிலும் அதைக் கேட்டு எழுந்து பால் கறந்தார்கள். அவனுக்குக் காய்ச்சல் வந்து பாடாத அன்றைக்கு மாடெல்லாம் கனத்த மடியோடு கதறிற்று. ஊருக்கு நாங்கள் பழகிவிட்டோம். எங்களுக்குத்தான் பழகவில்லை. காலையில் பெஞ்சு, மத்தியானம் எதிர்ப் பெஞ்சு, வெயில் தகரத்தைக் காய்ச்ச, நிழல் போகிற பக்கமெல்லாம் நாங்களும் போவோம். டீக்கடையில் வடை போடுகிற சத்தம் கேட்கும், வாசனை வரும், வடை வராது. நான் கரையில் எனக்குத் தெரிந்த ஒவ்வொருவனாகப் பார்த்து, அவன் நடக்கிறானே, எப்படிச் சர்வ சாதாரணமாக ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை வைத்துத் தரையில் நடக்கிறான் என்று வயிறெரிவேன்.

காக்கையும் போகவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு கம்பியிலேயே இருந்தது.

தோணியில் மற்றவர்கள் வந்து போக முடிந்தது. அதுதான் எங்களுக்குப் புரியாமலே இருந்தது. பால்காரன் வந்தான், போனான். போட்டோக்காரன் வந்தான், போனான். கேஸ் சிலிண்டர் போடும் கோதண்டம் ஒரு சிலிண்டரோடு வந்தான், கையெழுத்து வாங்கினான், தோணியில் ஏறினான், கரை நகர்ந்துகொண்டது.

"ஏங்க, நான் என்னங்க பண்ணேன்?" என்று திரும்பி வந்து ஓவென்று அழுதான். "எனக்கு இன்னும் ஆறு வீட்டுக்கு சிலிண்டர் இருக்குங்க!"

"அம்மாவை உனக்குத் தெரியுமா?" என்றாள் திலகவதி.

"தெரியாமயா? வெயில்ல தூக்கிட்டு வந்தேன்னு ஒரு நா புளிசாதம் பெசஞ்சு குடுத்தாங்க. உருண்டை உருண்டையா கையிலயே போட்டாங்க. இன்னும் நாக்குல இருக்கு."

அப்படியே எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம். விஷயம் கரைக்குப் போயிற்று, கரையிலிருந்து ஊருக்குப் போயிற்று: வடிவாம்பாள் கையால் ஒரு வாய் சாப்பிட்டவன் ஆற்றில் இறங்கினால் கரையேற முடியாது. அக்கா கையால் சாப்பிடாதவன் ஊரில் யார்? பாதி ஊர் அன்றைக்கே ஆற்றங்கரையிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டது.

அப்போதுதான் ஓரத்திலிருந்து பவளக்கொடி எழுந்தாள். புடவையை இழுத்துச் செருகினாள். "நான் போய்ப் பாக்குறேன்" என்றாள்.

தோணி போயிற்று. கரை அப்படியே நின்றது. பவளக்கொடி பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி இறங்கி, முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, டீக்கடையில் போய் ஒரு டீ சொன்னாள்.

மாசிலாமணி தண்ணீரையே பார்த்தான். கோதண்டத்துக்குத்தான் வாய் சும்மா இருக்காதே: "ஏங்க, ஒரே வீட்டு மருமக. பத்து வருசத்துக்கு மேல இருக்காங்க. ஒரு வாய் சோறுகூடவாங்க போடல?"

அன்றிலிருந்து அவள் போய் வந்துகொண்டிருந்தாள். தாவீது மட்டும், தன் லாஞ்சை விட்டு அசையமாட்டேன் என்று எங்களோடேயே இருந்துவிட்டான். அரிசி, பருப்பு, துணிமணி, எனக்குப் பொடி, மாசிலாமணிக்கு விபூதி, எல்லாம் அவள் கொண்டுவருவதுதான். வந்ததும் உடனே போகமாட்டாள். காக்கைக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள், எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள், பிறகு, "வர்றேன்" என்று இறங்கிப் போவாள்.

ஆவணியில் திலகவதிக்கு ஒன்று பொறி தட்டிற்று. "அண்ணே, அந்தக் காக்கா இலையைத் தொடல. அதுக்கப்பறந்தான் கரை போச்சு. அம்மாவுக்குப் பிடிச்சதை நாம வெக்கல" என்றாள். அதற்குப் பிறகு தினமும் இலை போட்டோம். மோர்க்குழம்பு வைத்தோம், அடை வைத்தோம், வாழைப்பூ வடை வைத்தோம். ஊர் அதையும் எடுத்துக்கொண்டது. தெருவுக்கு ஒரு நாள் முறை வைத்துச் சமைத்து அனுப்பினார்கள், எந்தத் தெருச் சமையலைக் காக்கை தொடுமென்று கரையில் பெரிய கூட்டம், சண்டை, இரண்டு தெருக்களுக்குள் பெண் எடுப்பது நின்றேபோயிற்று. காக்கை ஒவ்வொரு இலையையும் திரும்பிப் பார்க்கும், திரும்பிக்கொள்ளும். அக்காவோடு படித்தவளைக் கேட்டோம், கோயில் குருக்களைக் கேட்டோம், பூக்காரியைக் கேட்டோம், மூன்று பிள்ளைகளும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். "அம்மா எப்ப சாப்பிடும்?" "நாமெல்லாம் சாப்பிட்டப்பறம்." "என்ன சாப்பிடும்?" அதற்கு யாருக்கும் பதில் தெரியவில்லை. ஒன்று மட்டும் எல்லோருக்கும் ஞாபகமிருந்தது: மத்தியானம் வீடு தூங்கி எழுகிறபோது அக்கா கிராம்பு வைத்த வெற்றிலையை மென்றுகொண்டிருப்பாள். சரியென்று இலை நிறைய வெற்றிலையும் கிராம்பும் வைத்தோம். காக்கை அதைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தது. பிறகு திரும்பிக்கொண்டது.

புரட்டாசியில் உமையாளுக்கு வளைகாப்பு. கரையிலேயே பந்தல் போட்டார்கள், அம்மாக்காரி பார்க்கவேண்டுமே. திலகவதி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு லாஞ்சின் முகப்பில் நின்றாள். ஒவ்வொரு பொம்பளையாக வந்து உமையாளுக்கு வளையல் போட்டார்கள், மைக்கில் பெயர் சொன்னார்கள். "அடுத்து, பொண்ணோட அம்மா" என்று பழக்கதோஷத்தில் ஒருத்தி சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். திலகவதி கையிலிருந்த பச்சைக் கண்ணாடி வளையல்களை ஓங்கி வீசினாள். நல்ல வீச்சுதான், போய்ச் சேர்ந்திருக்கும். கரை வளையலுக்கும் நகர்ந்துகொண்டது. அத்தனையும் தண்ணீரில் விழுந்து, ஒரு கணம் பச்சையாக மினுங்கிவிட்டுப் போயின. உமையாள் பந்தலில் எழுந்து நின்று, "அம்மா" என்றாள். மைக் அவ்வளவையும் வாங்கி இரண்டு கரைக்கும் கொடுத்தது.

ஐப்பசியில் ஒரு முற்பகல், உமையாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படித்துறைக்கு வந்தாள். "நான் அங்க வரேன்" என்று கத்தினாள். "எனக்கு எங்கம்மா வேணும். அங்கயே பெத்துக்கிறேன்!"

"அடி பாவி, வராதடி!" என்று திலகவதி அலறினாள். "பாட்டி கைச்சோறுலயே வளந்தவடி நீ. ஏறிட்டா எறங்க முடியாது. இங்க டாக்டர் ஏது, நல்ல தண்ணி ஏது? வராத!"

பிடிவாதம் அவளுக்குப் பாட்டி வழி. தடுத்த அப்பாவைத் தள்ளிவிட்டுத் தோணியில் ஏறிவிட்டாள். துடுப்புப் போட்டவன் திகைத்து நாலு போடு போட்டான், அவ்வளவுதான், பின்னால் கரை நகர்ந்துகொண்டது. இனி அவளும் எங்களில் ஒருத்தி. லாஞ்சுக்கும் கரைக்கும் நடுவில் வந்தபோது தோணிக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. வலி பிடித்துவிட்டது.

திலகவதி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மாசிலாமணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். காய்கறிப் பையோடு ஓரத்தில் நின்ற பவளக்கொடியின் மேல் வந்து அவள் கண் நின்றது. இத்தனை மாதத்தில், இத்தனை வருஷத்தில், முதல் தடவையாக அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பவளம், ஒனக்குத் தெரியுமா? அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?"

பவளக்கொடி பையைக் கீழே வைத்தாள். "இப்பவாவது கேட்டீங்களே அண்ணி" என்றாள். "அத்தை எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாங்க. நீயா சொல்லாத, எம் புள்ளைங்க வாயத் தொறந்து கேட்டா மட்டும் சொல்லு, கேக்கமாட்டாங்கடின்னு சிரிப்பாங்க. தெனம் வந்து நிக்கிறேனே, ஒருத்தராவது கேப்பீங்கன்னு."

"என்னதான் சொல்லேன்!"

"கருவாடு" என்றாள் பவளக்கொடி. "சுட்ட வாளைக் கருவாடும் பழைய சோறும்."

தாவீது இருமினான். கோதண்டம் சிலிண்டர் மேலேயே உட்கார்ந்துவிட்டான். மாசிலாமணியின் முகம் விபூதியைவிட வெளுத்துப்போயிற்று.

"பொய்" என்றான். "எங்கம்மா, பிரதோஷம் தவறாத எங்கம்மா... வாயக் கழுவு! ரெண்டு மாவட்டம் பாத்துக்கிட்டிருக்கு, சைவ சபைத் தலைவன் அம்மா இலையில கருவாடு வெக்கணுமா? உயிர் போனாலும் மாட்டேன்!"

அவன் சொல்லி முடித்தான், கரை இன்னும் தள்ளிப்போயிற்று. படித்துறை விரல் அளவுக்கு ஆனது, டீக்கடைப் புகை கோடாக ஆனது, கூட்டம் எறும்பு வரிசையாக ஆனது, பிறகு எல்லாப் பக்கமும் தண்ணீர் மட்டுமே இருந்தது. நடுவில் லாஞ்சு. எட்ட ஒரு தோணி, அதிலே கத்துகிற பெண். தாவீது இன்ஜினை முடுக்கினான். எங்களுக்கும் தோணிக்கும் நடுவிலும் ஆறு அகலமாகிக்கொண்டே போயிற்று. உமையாளின் கத்தல் கொசுக்குரலாகத் தேய்ந்தது.

திலகவதி அண்ணன் காலில் விழவில்லை. சட்டையைப் பிடித்தாள். "என் பொண்ணு போயிட்டா, ஒன் சபை வந்து அழுவுமாடா?" என்றாள். அண்ணனை அவள் டா போட்டது பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான்.

மாசிலாமணி அம்மாவின் படத்தைப் பார்த்தான். நாலு மாத வெயிலிலும் காற்றிலும் அந்த ஃபிளெக்ஸில் மயில் இரண்டும் வெளுத்து, ஒளிவட்டமும் வெளுத்து, அக்காவின் முகம் மட்டும் தங்கியிருந்தது. பிறகு பவளக்கொடி பக்கம் திரும்பி, வாயே திறக்காத மாதிரிக் கேட்டான்:

"அம்மா... எப்படிச் சாப்பிடும்?"

"மத்தியானம் நீங்கல்லாம் தூங்குனப்பறம், சீயக்காய் எடுக்கப் போறேன்னு கொட்டகைக்கு வருவாங்க, பெரியத்தான். கொடத்துத் தண்ணி ஊத்தி வாய் கொப்பளிச்சிட்டு, பக்கெட்டைக் கவுத்துப்போட்டு உக்காந்துக்குவாங்க. நான் சுட்டுச் சுட்டுப் போடுவேன். மொத வாய்க்கு கண்ணை மூடிக்குவாங்க. ஒரு நா சாப்பிட்டுக்கிட்டே அழுதாங்க. ஏன் அத்தேன்னேன். 'இந்த வீட்டுல எனக்கு ஒருத்தி சோறு போட்டு நான் உக்காந்து சாப்பிடறது இங்க மட்டுந்தாண்டி'ன்னாங்க. அப்பறம் கிராம்பு வெச்சு வெத்தலை போட்டுக்கிட்டு உள்ள போயி, மீன் நாத்தம்னு கத்துவாங்க." பவளக்கொடி லேசாகச் சிரித்தாள். "ரொம்ப நல்லா கத்துவாங்க."

மாசிலாமணி தானே இலையைக் கழுவினான். பழைய சோறு லாஞ்சில் இருந்தது, முந்தைய நாள் வடித்தது. கருவாடு தாவீதின் டப்பாவில் இருந்தது, அவன் இத்தனை நாளும் எங்களுக்குத் தெரியாமல் பின்பக்கம் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது. பவளக்கொடி அடுப்பை மூட்டிச் சுட்டாள். என்ன வாசனை ஐயா அது! தகரக் கூரையைத் தொட்டு, தண்ணீர் மேல் இறங்கி, வட்டம் வட்டமாக ஆற்றின் இரண்டு பக்கமும் போயிற்று. மாசிலாமணி துண்டால் மூக்கை மூடவில்லை. சோற்றை வைத்து, கருவாட்டைப் பக்கத்தில் வைத்து, "அம்மா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டான். கா கா என்று கூப்பிடவில்லை.

காக்கை திரும்பியது.

இலைக்கு இறங்கி வந்தது. ஒரு துண்டைக் கொத்தியது, முதல் வாய்க்குக் கண்ணை மூடியது. பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். பிறகு பறக்காமல், இன்னொரு துண்டை அலகால் தள்ளித் தள்ளி மாசிலாமணிக்கு நேராகக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவனை நிமிர்ந்து பார்த்தது.

"படைச்சதை வீட்டார் சாப்பிடணும்ல?" என்றான் தாவீது மெதுவாக. "ஒங்க வழக்கந்தானே?"

மாசிலாமணி எடுத்து வாயில் போட்டான். மென்றான். அவன் முகத்தில் என்னென்னவோ போயிற்று, நான் சொல்லமாட்டேன். விழுங்கினான். காக்கை எழும்பி, தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி, தெற்கே பறந்தது, அது பறந்த திக்கிலிருந்து கரை வந்தது. எப்படி வந்தது என்கிறீர்கள்! பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போக மறந்த தாய் ஓடிவருகிற மாதிரி, படித்துறையும் ஆடும் டீக்கடையும் நெல்வயலும் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு ஓடிவந்தது. தோணி முதலில் தட்டிற்று. திலகவதி லாஞ்சு நிற்கும் முன் குதித்தாள், கால் தரையில் பட்டு மடங்கியது, மண்ணில் கையூன்றி எழுந்து ஓடினாள். மினி பஸ்காரன் ஆட்களை இறக்கிவிட்டு உமையாளை ஏற்றிக்கொண்டு பறந்தான். ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நிற்கவும் பிள்ளை பிறக்கவும் சரியாக இருந்தது. பெண் பிள்ளை. டிக்கெட் கேட்காத கண்டக்டரை ஊர் முதல் தடவையாக அன்றைக்குத்தான் பார்த்தது.

ஊர் என்ன செய்தது என்கிறீர்களா? இரண்டு கரையிலும் அத்தனை பேர் மூக்கிலும் அந்த வாசனை ஏறியிருந்தது, வலைக்காரர் தெருவில் பிறந்தவர்கள் நின்ற இடத்திலேயே எச்சில் விழுங்கினார்கள். மாசிலாமணி கரையேறி, மைக்கை வாங்கி, "அம்மாவுக்குப் பிடித்தது சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு" என்றான். பிறகு முதல் ஆளாகச் சைவ சபைப் பொருளாளர், "ஆமாமா, கெழங்கு வாசனை பிரமாதம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். இன்றைக்கும் அந்த நிறுத்தத்துக்கு லாஞ்சு ஸ்டாப் என்றுதான் பெயர், திதியன்று அங்கே சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டு விற்கிறார்கள், எந்தக் காக்கையும் அதைச் சீந்துவதில்லை.

வீட்டில் மாசிலாமணி பவளக்கொடியைக் கூப்பிட்டு, "இனிமே நீ உள்ளயே சமைக்கலாம்" என்று பெரிய மனசு பண்ணினான். "எனக்கு என் அடுப்பு போதும் பெரியத்தான்" என்று சொல்லிவிட்டு அவள் கொல்லைக்குப் போய்விட்டாள்.

சபைக்கு அவன்தான் இன்னும் தலைவன். விடிகாலைத் தேவாரமும் நிற்கவில்லை. மாதத்துக்கு ஒரு முறை, அக்காவின் திதி வருகிற நாளில், சாப்பாடு முடிந்து வீடு தூங்குகிற மத்தியானத்தில், அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சீயக்காய் எடுத்து வருகிறேன் என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டு கொல்லைப் பக்கம் போகிறான். அவன் தலை வழுக்கை என்பதை உங்களுக்குச் சொன்னேனா? திரும்பி வரும்போது கிராம்பு வைத்த வெற்றிலையை மென்றுகொண்டு வருகிறான். வந்து, வாசல் பக்கம் நின்று, மீன் நாத்தம் என்று கத்துகிறான். அம்மா அளவுக்கு வராவிட்டாலும் நன்றாகவே கத்துகிறான்.

இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்று முறைக்காதீர்கள். கொட்டகையில் இப்போது கவிழ்த்துப்போட்ட பக்கெட் இரண்டு. அதனால்தான் காலைப் பிடித்துக் கேட்கிறேன்: கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், யார் சொன்னார்கள் என்று மட்டும் மூச்சுவிடாதீர்கள். மாசிலாமணிக்குத் தெரிந்தால் ஒரு பக்கெட்டை எடுத்துவிடுவான். இந்த வயதில் நான் நின்றுகொண்டு சாப்பிட முடியாது.